கீரைக்குள் இருந்த மஞ்சள் கரு

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் என் சத்துணவுக் கூடத்தில் முட்டைகள் அனாதையாகிவிடும். பங்குனியில் ஏறக்குறைய பதினைந்து நாள், திருவிழா முடியும்வரை, எந்த வீட்டிலும் கவுச்சி கிடையாது. முட்டையும் கவுச்சிதான். வாளியோடு நான் வரிசையில் நடந்தால் பிள்ளைகள் தட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “வேணாங்க டீச்சர், காப்புக் கட்டியிருக்கு” என்பார்கள்.

நான் பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை. கீரனூருக்கு உள்ளடங்கிய ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மற்ற டீச்சர்களுக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிதான் எனக்கு. ஆனால் மதியம் மணி அடித்துவிட்டால் அந்தப் பள்ளியில் என் அதிகாரம்தான். கொஞ்சம் வாய் நீளம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பொய்யில்லை.

அந்த வருடம் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அப்பா திருப்பூரில் வேலை, அம்மா விடியுமுன் களையெடுக்கப் போய்விடுவாள். பள்ளியில் கொடுக்கும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் இவள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் வருவாள். ஒருநாள் காலைப் பிரேயரில் அப்படியே சரிந்து விழுந்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் இமையை இழுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளைக்கு முட்டையும் கீரையும் ஒருநாள் விடாமல் கொடுங்கள் என்றார் டாக்டர்.

எனக்கு அது உத்தரவு மாதிரி இறங்கிவிட்டது. பள்ளி வேலியோரம் நின்ற முருங்கையை ஒடித்துக் கொண்டுவருவேன். சமையல் செய்கிற அக்கா, இத்தனை பிள்ளைகளுக்கு யார் கீரை உருவுவது என்று முணுமுணுப்பார். நானே உட்கார்ந்து உருவுவேன். பிள்ளைகள் கீரையைத் தட்டோரம் ஒதுக்காமல் இருக்கச் சிறுபருப்பும் தேங்காயும் போட்டுப் புரட்டச் சொன்னேன். இரண்டே மாதத்தில் அவள் முகத்தில் வெளுப்பு குறைந்தது. கிரவுண்டில் ஓட ஆரம்பித்தாள். அவள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்காகவே நான் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நிற்பேன்.

அப்போதுதான் காப்புக் கட்டினார்கள். அதோடு போகவில்லை. பிள்ளை தேற வேண்டும் என்று அவள் அம்மா ஆத்தாளுக்குப் பால்குடம் வேண்டியிருந்தாள், குடம் எடுக்கப் போவது இவளே. அதனால் விரதம் கடுமை. எந்த உடம்புக்கு முட்டை வேண்டுமோ அந்த உடம்புக்காகவே முட்டையை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஆத்தாளா வந்து முட்டை வேண்டாம் என்று சொன்னாள் என்று சமையலறையில் கத்தினேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதைச் செய்தேன். அவித்த முட்டையின் வெள்ளையை எடுத்துவிட்டு, மஞ்சள் கருவை மட்டும் விரலால் பூவாக உதிர்த்து, ஒரு கிண்ணம் கீரையில் பருப்போடு பருப்பாகக் கலந்தேன். கண்ணுக்குத் தெரியவே இல்லை. “பாவங்க டீச்சர்” என்றார் அக்கா. மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கீரை வேற மாதிரி இருக்குங்க டீச்சர். பருப்பு கூடப் போட்டீங்களா?”

“ஆமா.”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். எட்டு நாள் இப்படி நடந்தது. எட்டு நாளும் எனக்குள் ஒரு பெருமை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் அவள் வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். அதே வகுப்பில் முந்தின வாரங்களில் இரண்டு பேருக்கு வந்திருந்தது; இது ஒட்டுகிற நோய், முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பிள்ளைகள் இன்னொன்றும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தினமும் முட்டை போடுகிறார்களே, கள்ளத்தனமாகத் தின்றிருப்பாள், அதனால்தான் ஆத்தா வந்துவிட்டாள் என்று தெருவே பேசுகிறதாம். அவள் இல்லவே இல்லை என்கிறாளாம். அம்மாவே நம்பவில்லையாம்.

சாயங்காலம் போனேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது என்பதால் படிக்குக் கீழேயே நின்றேன். அவள் அம்மா வெளியே வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். இவ முட்டை தின்னாளா? கேட்டா மண்ணத் தொட்டுச் சத்தியம் பண்றா. தப்பு நடக்காமயா ஆத்தா இங்கிட்டு வந்திருப்பா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிள்ளையும் தப்பித்திருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து, வேப்பிலைப் படுக்கையிலிருந்து, அவள் குரல் வந்தது.

“டீச்சரக் கேளும்மா. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க.”

சொல்லிவிட்டேன். எட்டு நாள், மஞ்சள் கரு, கீரை, பருப்பு என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவள் அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் அவள அடிச்சிட்டேன் டீச்சர்” என்றாள். “ஆத்தா வந்திருக்கிற ஒடம்ப அடிச்சிட்டேன்.”

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

மூன்று தண்ணீர் ஊற்றி அவளுக்கு அம்மை இறங்கியது. அந்த வருடம் பால்குடம் எடுக்கவில்லை. பள்ளிக்குத் திரும்பியவள் கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. உள்ளே மோர் விட்ட சோறும் ஊறுகாயும். சாப்பாட்டு வரிசைப் பக்கமே வரவில்லை. மறுபடி முகம் வெளுத்தது, ஓட்டம் நின்றது. யாருக்காக அதைச் செய்தேனோ அவளுக்கே என் சோறு இல்லாமல் போய்விட்டது.

தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தாய்மார்களைப் பள்ளிக்கு அழைத்தேன். காப்புக் காலத்தில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். இத்தனை வருட வேலையில் இதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல் என்றாள் ஒருத்தி. வேர்க்கடலையை வெல்லத்தில் உருட்டலாம் என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசையில் நின்ற அவள் அம்மா, தட்டைப்பயறு போட்டு முருங்கைக்கீரை செய்யலாம், உருவ ஆள் இல்லையென்றால் களையெடுப்பு இல்லாத மழை நாளில் நான் வாரேன் என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, “எதுன்னாலும் சொல்லிட்டுப் போடுங்க” என்றாள்.

அன்றிலிருந்து சமையலறை வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன். சோற்றில் என்ன, குழம்பில் என்ன, கீரையில் என்ன என்று ஒன்று விடாமல் தினமும் சாக்பீஸால் எழுதுகிறேன். அடுத்த வருடக் காப்பிலும் முட்டைகள் வாங்க ஆளில்லாமல்தான் கிடந்தன. ஆனால் தட்டுகளில் சுண்டலும் பயறும் இருந்தன, பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டார்கள்.

அவளும் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வரிசைக்கு வந்துவிட்டாள். இப்போது எட்டாம் வகுப்பு. போர்டை நின்று படிப்பாள். பிறகு தட்டை நீட்டுவாள். நான் கீரை வைத்ததும் உடனே சாப்பிட மாட்டாள். ஒற்றை விரலால் கீரையைத் தட்டின் ஓரம்வரை பரப்பி, பயறு பயறாக விலக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் வைப்பாள். அதுவரை நான் அடுத்த தட்டுக்கு நகர்வதில்லை. கரண்டியோடு அங்கேயே நிற்கிறேன்.