மத்தாப்பு பிடித்த கல் பாப்பா

என் மாமாவுக்குப் புலி வரையத் தெரியும், மயில் வரையத் தெரியும். சிவகாசியில் அதெல்லாம் ஒரு வித்தையே இல்லை. அம்மாவின் தம்பியான அவர் அப்போதுதான் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கம்பெனி. புதுக் கம்பி மத்தாப்புக்கு மாமா கொண்டுவந்த படங்களை எல்லாம் அப்பா ஒதுக்கித் தள்ளினார். எல்லார் பெட்டியிலும் இருக்கிற சமாச்சாரமாம். வெள்ளிக்கிழமைக்குள் புதுசாக ஒன்று வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. சீசன் நேரத்தில் அப்பா மச்சினன் முகமெல்லாம் பார்க்க மாட்டார்.

மாமாவுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். சோறு இறங்காமல் திரிந்தவர், வியாழக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே கல்லில் பூவேலை பிரமாதமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் அந்த மாதிரி இடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

பேயைப் பார்க்கப் போனால் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் கற்கள்! அடேயப்பா! ஒன்றில் திராட்சைக் கொடி, ஒன்றில் கைகுலுக்கும் இரண்டு கைகள். பாதியில் ஒடிந்த தூண் ஒன்றும் நின்றது. கொத்தனார் வேலையை முடிக்காமல் ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூலையில் ஒரு குட்டிக் கல். அதில் சிறகு முளைத்த ஒரு பாப்பா, கையில் எரிகிற குச்சியைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்திருந்தது. பொறி கையில் விழாமல் கீழே சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்று எங்கள் ஊரில் பால்குடி மறக்குமுன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். “மாமா, இது மத்தாப்புப் பாப்பா!” என்று கத்தினேன். மாமா ஓடிவந்தார். குனிந்து எழுத்தைப் படித்தார். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். பேர்தான் என்று சொல்லிவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தீட்டுக் கழிய வழியில் ஒரு பம்புசெட்டில் குளித்தோம். ஈரத்தலையைப் பார்த்த அம்மாவிடம், வெம்பக்கோட்டை அணைக்குப் போனதாக மாமா புளுகினார்.

“ஏலே, அணையில தண்ணி கிடந்தா நான் எதுக்கு லாரித் தண்ணிக்குக் கொடத்தோட நிக்கேன்?”

உண்மை வெளியே வந்தது. மறுபடியும் இருவருக்கும் தலைக்கு ஊற்றினாள். அப்பா காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அதே பாப்பா, அதே சிறகு. ஆனால் கை மட்டும் மேலே தூக்கியிருந்தது! எனக்கு வந்ததே கோபம். கண்டுபிடித்தவள் நான், கெடுத்தது அவர். “அந்தப் பாப்பா கீழதான் பிடிச்சிருந்துச்சு” என்று அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். எந்தப் பாப்பா என்று அப்பா கேட்க, நான் சொப்பனம் கண்டிருப்பேன் என்று சமாளித்த அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

“சின்னப் பிள்ளைக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையே மாப்ளே. பொறி கையில விளாதா? எறக்கி வரஞ்சுட்டு வா.”

புலிக்குப் பச்சை வரி போடச் சொன்னாலும் போடுகிற மாமா அன்றைக்கு அசையவில்லை.

“ஆர்டரை வேணும்னா வேற ஆளுக்குக் குடுத்துருங்க அத்தான். கையை மட்டும் எறக்க மாட்டேன்.”

அப்பா முறைத்தார். கடைசியில் அம்மாதான் படத்தை வாங்கிப் பார்த்து, பிள்ளை மேலே பார்த்துச் சிரிக்கிற மாதிரி அம்புட்டு நல்லா இருக்கிறது என்றாள். வீட்டில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. படம் அச்சேறியது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் மத்தாப்பு சக்கைப்போடு போட்டது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அந்தக் கல்லை நானே படித்தேன். ஒரு பெண் குழந்தையின் பெயர். வயது ஆறு. அன்று எனக்கும் ஆறுதான். கையில் இருந்தது மத்தாப்பு இல்லை, தீவட்டி. செல்போனில் தேடிப் பார்த்தேன்; கவிழ்த்துப் பிடித்தால் உயிர் அணைந்துவிட்டது என்று அர்த்தமாம். அங்கே நின்றபடியே மாமாவுக்குப் போன் போட்டேன்.

“அன்னைக்கே தெரியும்ட்டி. நீ பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்த. கவுத்து வரைய எனக்குக் கை வரல.”

அந்தக் கைக்காகத்தான் தீபாவளி முடியும்வரை நான் அவரோடு காய் விட்டிருந்தேன்.