பாதித் தலை ஈரம்

கடையில் அந்த ஹேர் டிரையரை மூக்கருகே கொண்டுபோய் என் மாமியார் மோந்து பார்த்தது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே முகம். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புதுசும்மா, இப்பத்தான் டப்பாவப் பிரிச்சேன்" என்றாள். "டப்பா புதுசுதான். உள்ள இருக்கிறது?" என்றார் அத்தை. அந்தப் பெண் உதவி கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். தலையில் ஈரத் துண்டைச் சுற்றி, அதன்மேல் ஜவுளிக்கடைப் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்த நான் யாரைப் பார்ப்பது?

அத்தை எதையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை, டாக்டர் எழுதிய மாத்திரையை, டிவியில் சொல்லும் மழையை, என்னை. குறிப்பாக என்னை. தனியார் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. சாயங்காலம் மூலக்குளத்து வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. அவருக்குச் சாவு வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். "எத்தன பேரு மூச்சு ஒம்மேல பட்டுச்சோ" என்பார். "நான் யாரையும் தொடுறதே இல்ல அத்த" என்றால், "தொட்டேன்னு நீயா வந்து சொல்லப் போற?" என்பார். எதற்கு வம்பு என்று நானும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிடுவேன்.

எனக்கோ இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்த்தியான முடி. மழைக்காலத்தில் இந்த ஊர்க் கடல்காற்றில் துண்டே காயாது, முடியா காயும்? ஈரத்தோடு படுத்து எழுந்தால் நெற்றியில் அம்மியை ஏற்றி வைத்ததுபோல வலிக்கும். அடிக்கடி லீவு போட்டேன். இனியும் லீவு எடுத்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும்போதுதான் நான் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை. அங்கே என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார்கள். அதுவும் போய்விட்டால் எனக்கென்று என்ன மிச்சம் என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

என் கணவர் தங்கமாகப் பேசினார். "ஒடம்புதான் முக்கியம். வேலைய விட்டுடு. நான் இல்லையா?" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அன்று உருகினேன். என் சந்தேகமெல்லாம் அத்தை மேல்தான். இந்த அம்மா வேண்டுமென்றேதான் என்னைத் தினமும் நனைய வைக்கிறார், வலி தாங்காமல் நானாகவே நின்றுவிட வேண்டும் என்பதுதான் திட்டம் என்று முடிவே கட்டியிருந்தேன். ஹேர் டிரையர் வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது கணவர் இழுத்தார். அடுத்த தெருக்காரர் மகன் பிரான்சிலிருந்து லீவுக்கு வருவான், அவனிடம் சொன்னால் கொண்டுவருவான் என்றார். "அவன் வர்றதுக்குள்ள இவ தல நரச்சிடும். கெளம்பு, கடைக்குப் போவலாம்" என்று எழுந்தவர் அத்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?

காய்ந்த தலையில் காற்றடித்துக் காட்டினால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான் என்பது அவர் கட்சி. அதனால் வீட்டிலேயே என்னைத் தலைக்கு ஊற்ற வைத்தார். ஆட்டோவில் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் துண்டும் பையும். கடையில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். வகிடெடுத்து முடியை இரண்டாகப் பிரித்தார். இடப்பாதி, விலை குறைந்த மெஷினுக்கு. வலப்பாதி, தன் முறை வரும்வரை துண்டுக்குள் இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது. என் மானம் கப்பலேறியது. விலை குறைந்தது சுடச்சுட ஊதியது. பொசுங்கல் வாடை வந்ததே தவிர அடிமுடி சொதசொதவென்றுதான் இருந்தது. விலை கூடியது அவ்வளவு சூடில்லாமல் வேகமாக ஊதி, சட்டென்று உலர்த்திவிட்டது. அத்தைக்கு அதிலும் சந்தேகம். "துண்டு தண்ணியக் குடிச்சிருக்கும்" என்று பாட்டில் தண்ணீரை என் தலையில் மறுபடி ஊற்றி, பாதிகளை மாற்றிப் பார்த்தார். நான் தும்ம ஆரம்பித்தேன்.

கூட வந்திருந்த என் கணவர் பொறுமையிழந்தார். "ரெண்டும் காத்துதாம்மா அடிக்குது. சின்னதே போதும். கொஞ்ச நாள் பாப்போம், சரியாவலன்னா வேலைய விட்டுடட்டும்."

அத்தை மெஷினைக் கீழே வைத்துவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை என்மேல் மட்டுமே விழுந்து நான் பார்த்திருந்த பார்வை அது.

"ஒனக்கு போன் வாங்கறப்ப ஒசந்தது எதுன்னு கேட்டுத்தான வாங்கின? இப்ப மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு சிக்கனம்?"

கணவர் சின்ன மெஷினின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இவ தலவலி ஒனக்கு வசதியா இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் மில்லு வேலைக்குப் போனப்ப ஒங்கப்பனும் இப்படித்தான் தேனா பேசினான். ஒடம்பப் பாத்துக்க, நின்னுடுன்னான். நின்னேன். அப்புறம் எவன்டா என் ஒடம்பப் பாத்தான்?"

விலை கூடியதை அந்தப் பெண் தானாகவே டப்பாவில் எடுத்து வைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இந்த மனுஷியையா இத்தனை நாள் சந்தேகப்பட்டேன்! அத்தை அதைக் கவனித்துவிட்டு, "ரொம்ப உருகாத. டூட்டி முடிஞ்சு நேரா வீட்டுக்கு வர்றியான்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும், "கடைல கண்டவன் கை பட்டிருக்கும், தலைக்கு ஊத்திக்கிட்டு வா" என்று பின்பக்கம் அனுப்பினார். அந்தச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தால் டிரையரே தேவைப்பட்டிருக்காது. அது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அதே மருத்துவமனையில் இன்று முன்மேசைக்கே பொறுப்பாளர். போன வாரம், பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளிடம் கணவர் கனிவாகச் சொன்னார்: "இந்த வயசுல எதுக்கு இப்படி அலையற? போதும், வீட்ல இரு." நிஜமான அக்கறையாகக்கூட இருக்கலாம். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

"அம்மா மாதிரியே பாக்காத" என்றார் அவர்.