நோயில்லாத அறை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைக் கூண்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குரங்குகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவள். வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். மீதி எங்கே என்று கேட்டால், "அதுக்குப் பிடிச்சிருந்துது, குடுத்துட்டேன்" என்பாள்.

மனிதர்களைக் கொல்லும் ஒரு காய்ச்சல் வைரஸைக் குரங்குகளுக்கு ஏற்றி, அது உடம்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பது அங்கே வேலை. ஓர் அறையில் நோய் ஏற்றிய குரங்குகள். பக்கத்து அறையில், ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவை. நல்லவற்றை முதலில் கவனித்துவிட்டுத்தான் மற்றவற்றிடம் போகலாம். போனபின் அன்றைக்கு நல்ல அறைக்குத் திரும்பி வரக் கூடாது.

நல்ல அறையில் ஒரு குரங்குக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள். முறுக்கிக்கொள்ளாமல் ஒருவேளையும் சாப்பிட மாட்டான். ஆய்வு முடிந்தால் நோயில்லாதவை காப்பகத்துக்குப் போகும். அவன் ஒரு மரத்தில் ஏறிவிட்டால் போதும் என்று அவள் காத்திருந்தாள்.

அன்று நோயறையில் ரத்தக்களரி. காய்ச்சல் மூளைக்கேறிய ஒரு குரங்கு, பக்கத்துக் கூண்டுக் குரங்கின் முகத்தைக் கம்பி வழியே கிழித்துவிட்டு, தன் மண்டையையும் மோதி உடைத்துக்கொண்டது. அவள் பிடித்து அமுக்குவதற்குள் சுவரெல்லாம் ரத்தம். அலறலைக் கேட்டு மாப்பிள்ளையும் அலறினான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. உடுப்பை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். ரத்தம் தெறித்திருந்த முகக் கண்ணாடிக் கவசத்தை மாற்ற மறந்து, விதியை மீறி அவனிடம் போனாள். ஆனைக்கும் அடி சறுக்கும். அவன் கையை நீட்டி அவள் தாடைப் பக்கம் கவசத்தைத் தடவினான், விரலை நக்கினான்.

சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நடந்ததை அவளே போய்ச் சொன்னாள். ஆய்வை நடத்திய டாக்டரம்மா கண்டபடி திட்டினார். ஒரு குரங்குக்கு நோய் வந்தால் அந்த அறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டியதுதான். கடைசியில் குரல் இறங்கி, "நீங்க வேணாம்க்கா, பிடிக்க வேற ஆளை அனுப்பறேன்" என்றார்.

"வேற ஆளுன்னா அடிச்சுப் பிடிப்பாங்க. நானே பிடிக்கிறேன்."

ஒவ்வொன்றும் உயிரைப் பிடித்துக்கொண்டு போராடியது. ஒன்று அவள் தோளில் அறைந்தது, ஒன்று கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது. கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தினாள். டாக்டரம்மா ஊசியை ஏற்ற ஏற்ற, ஒவ்வொன்றாக அடங்கின.

மாப்பிள்ளையை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஊசிக்குக் கை நீட்டினால் பழம் என்று பழக்கியவள் அவள்தான். காய்ச்சலில் கண் திறக்காமலே ஒரு கையை ஊசிக்கு நீட்டினான். மறு கையைப் பழத்துக்கு ஏந்தினான். அன்று அவள் பழம் கொண்டுவரவில்லை.