நெசவுக்காரன் போட்ட முடிச்சு

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஒருவன் நின்றுகொண்டே வருகிறான் என்றால் என்ன அர்த்தம்?

கார்த்திகை மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கரி பஸ்ஸில் போனபோது இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. யுத்தம் முடிந்தும் பெட்ரோல் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை; கரியை எரித்து வரும் வாயுவில்தான் பஸ் ஓடியது. காரியாபட்டியில் பஸ்ஸை நிறுத்தி, பின்னாலிருக்கும் கரி அடுப்பைக் கிளறி, ஊதிவிட்டு... அது ஒரு தனி வைபவம். அங்கேயே பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். என் பக்கத்தில் இடம் காலி. சீனி மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

சீனி என் தாய்மாமன் மகன். (நிஜப் பெயர் வேறு. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) தை பிறந்ததும் என் தங்கை ருக்மணிக்குத் தாலி கட்ட வேண்டியவன். நாங்கள் நெசவுக் குடும்பம். நான் தறியை விட்டுத் துணிக்கடைக்கு வந்தவன். அவன் தறியை விட்டுப் பட்டாளத்துக்குப் போய், யுத்தம் முடிந்ததும் மறுபடி தறிக்கே வந்தவன். அன்றைக்குக் கல்யாணப் பாத்திரம் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

"ஏலே மாப்ளே, உக்காரு" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். நின்னுக்கிட்டே வாரேன். காத்து நல்லா வருது."

காற்றா? வந்ததெல்லாம் கரிப்புகை.

மதுரையில் இறங்கி நடந்தபோது சந்தேகம் முற்றிவிட்டது. காலை அகட்டி அகட்டி, சுடுகிற தரையில் நடப்பவன் போல நடந்தான். காப்பி கிளப்பிலும் நின்றுகொண்டே காப்பி குடித்தான்.

"என்னலே உனக்கு? மறைக்காம சொல்லு."

"ஒண்ணுமில்ல மச்சான். சூட்டுக் கொப்புளம்."

"எந்த இடத்துல?"

டம்ளருக்குள் எதையோ தேடினான்.

பட்டாளத்திலிருந்து வந்தவன். எந்தெந்த ஊரோ சுற்றியவன். பட்டாளத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு வரும் வியாதியைப் பற்றி எங்கள் தெருவில் பேசாத நாள் கிடையாது. பெண்டாட்டிக்கு ஒட்டும், பிறக்கிற பிள்ளைக்கும் ஒட்டும் என்பார்கள். ருக்மணியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்பாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். ஏன் நின்றது என்பது பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இவன் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது. சொல்லாமல் விடலாமா? விட்டால்... அவள் என் தங்கை ஐயா.

பாத்திரம் ஓடியா போகிறது? அவன் கையைப் பிடித்து ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வழுக்கைத் தலை, பழுத்த அனுபவம், எதற்கும் அசராத முகம்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார் டாக்டர்.

"தலவலிங்க" என்றான் சீனி.

நான் முறைத்தேன். "வயித்து வலியும் இருக்குங்க" என்று சேர்த்துக்கொண்டான். மறுபடி முறைத்தேன். "இடுப்புலயும் லேசா..."

"பரவாயில்லே, சரியான பாதையிலதான் வர்றீங்க" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் கீழே இறங்குங்க."

எனக்கு இன்றுவரை புரியாத விஷயம் இது. பல் வலித்தால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவுக்கே அறிவிக்கிறோம். மூலம் என்றால்கூட ஆளுக்கொரு வைத்தியம் சொல்லக் கூட்டம் கூடிவிடுகிறது. ஆண்பிள்ளைக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் ஒன்று வந்துவிட்டால், அதைச் சொல்ல வாயில் வார்த்தையே இருப்பதில்லை. திட்டும்போது மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ, தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் போன டாக்டர் கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். அசராத முகம் அசந்துபோயிருந்தது.

"இதை யார் கட்டினது?"

விதைப்பையின் தோலில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. அடியில் சின்னக் காம்பு. அந்தக் காம்பைச் சுற்றி மெல்லிய நூல், இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கட்டி வீங்கிக் கறுத்து, நூல் சதைக்குள் இறங்கியிருந்தது.

"நான்தாங்க" என்றான் சீனி. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். கட்டி பட்டாளத்துக்குப் போவதற்கு முன்பே இருந்ததாம். அப்போது கடலை அளவு. ஆள் எடுக்கும்போது துணியை அவிழ்த்துப் பார்த்த டாக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம். வலி கிடையாது, அரிப்பு கிடையாது. மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது.

"பின்னே இப்ப எதுக்குலே கட்டுன?" என்றேன்.

"குளிப்பாட்டுவாகள்ல மச்சான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, உறவுக்கார ஆண்கள் எல்லாரும் எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அவன் உடம்பில் ஒரு கோவணம்தான் இருக்கும், அதுவும் நனைந்த கோவணம். அது எவ்வளவுதான் மறைக்கும்? பாலுண்ணிக்கு முடி கட்டினால் உதிர்ந்துவிடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, இவன் தறி நூலையே கட்டிவிட்டான். நெசவுக்காரன் முடிச்சு லேசில் அவிழுமா? போட்ட அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை.

டாக்டர் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியையும் எடுத்துத் தையல் போட்டுவிட்டார். தட்டில் வைத்து அதை இரண்டாக அறுத்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. குனிந்து பார்த்தேன். உள்ளே வெளிறிப்போய், கெட்டியாக, சுருள் சுருளாக... நூல்கண்டைக் குறுக்கே வெட்டினால் எப்படியிருக்கும், அப்படி.

டாக்டருக்கு என்னைவிட ஆர்வம். "இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்லே. படிச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பச்சைத் தண்ணியில குளிச்சா அந்தத் தோல் சுருங்குதில்லையா? ஏன் சுருங்குது, யோசிச்சிருக்கீங்களா?"

நான் யோசித்ததில்லை. நீங்கள்?

அந்தத் தோலுக்கு அடியில் மெல்லிய தசை விரிப்பு ஒன்று இருக்கிறதாம். குளிர் பட்டால் சுருங்கும், வெக்கையில் தளரும். நம்மைக் கேட்காமல் அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். அந்தத் தசை எப்போதாவது யாருக்காவது ஓரிடத்தில் மட்டும் தேவையில்லாமல் பெருகி, உருண்டு, கட்டியாகிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

"இது ஒட்டுமா டாக்டர்?" என் கவலை எனக்கு.

"ஒட்டாது. கெட்ட சகவாசத்துல வர்றதும் இல்லே. பிள்ளை பிறக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது." பிறகு சற்று நிதானித்தார். "ஆனா கண்ணால பார்த்துச் சத்தியம் பண்ண மாட்டேன். அபூர்வமா பொல்லாத கட்டியும் இதே மாதிரி வேஷம் போடும். மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். தையல் பிரிக்க வர்றப்போ சொல்றேன்."

திரும்பி வரும் பஸ்ஸிலும் சீனி நின்றுகொண்டுதான் வந்தான். இந்தத் தடவை நானும் பக்கத்தில் நின்றேன். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "ருக்கு கிட்ட யார் சொல்றது?"

"இப்பவேவா? டாக்டர் நல்ல சேதி சொன்னப்புறம் சொல்லுவமே மச்சான்."

"நல்ல சேதின்னா யார் வேணும்னாலும் சொல்லலாம்லே. இப்பச் சொல்லு."

சொன்னான். மறுநாள் காலை, தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்தபோது, அவள் அந்தப் பக்கம் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருக்க, இவன் இந்தப் பக்கம் நின்று சொன்னான். நான் காவலுக்கு நின்றேன் — காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம், தமிழில் தருகிறேன்.

இழை பிணைப்பதை அவள் நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "ரொம்ப வலிச்சுதா?"

"ம்."

"கட்டுனது எந்த நூலு?"

"நீ சுத்திக் குடுத்ததுதான்."

"அப்ப அறுந்திருக்காது" என்றாள். குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. "டாக்டரு என்ன சொன்னாலும் சரி, தை மாசம் மாறாது. ஆனா இனிமே எது வந்தாலும் கட்டுறதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லணும்."

தையல் பிரித்த அன்று டாக்டர் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார். வெறும் தசைக் கட்டி, பொல்லாதது எதுவும் இல்லை. சீனி அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, காரியாபட்டி வருவதற்குள் தூங்கிப்போனான்.

கல்யாணக் குளியலில் திருச்சுழிப் பெரிய மாமா — சீனியின் பெரியப்பா, எங்கள் குடும்பத்துக்கே தலைவர் — செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னடா, ஊரெல்லாம் ஒன் நடையப் பத்திப் பேசுது?" என்று உரக்கக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"கீழ ஒரு கட்டி பெரியப்பா. மதுரையில வெட்டி எடுத்துட்டாக. ஒட்டுறது இல்லையாம்" என்றான் சீனி, அவரைப் போலவே உரக்க.

சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய மாமா செம்புத் தண்ணீரை அவன் தலையில் சாய்த்தார்.

மறு வாரம் கடைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த டாக்டரு எங்க இருக்காரு? எனக்கில்லப்பா... தெரிஞ்ச ஆளு ஒருத்தருக்கு."

"அவுகளையும் கூட்டிக்கிட்டுப் போவோமா மாமா?"

"நாம முதல்ல போயி விசாரிப்போம்" என்றார்.

நேற்று போனோம். காரியாபட்டியில் பாதி பஸ் காலி. ஜன்னலோர இடத்தைத் துண்டால் தட்டி, "உக்காருங்க மாமா" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. நின்னுக்கிட்டே வாரேன்" என்றார்.

அவரும் நெசவுக்காரர்தானே.