ஆசிடில் குளித்த சில்லறை

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். கட்டணக் கழிப்பறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து காசு வாங்குகிறவள். டோக்கன் கொடுக்கும் வழக்கம் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. மேஜையில் சேரும் கட்டணம் காண்டிராக்டருக்கு. 'மீதியை நீயே வெச்சுக்கோ' என்று ஜனங்கள் விட்டுப்போகும் சில்லறை அவளுக்கு. இதைத் தாராள மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் கையிலிருந்து காசு வாங்கக் கூசுகிறவர்கள்தான் பாதிப் பேர். அந்தக் கூச்சத்தைத்தான் அவள் வருஷக்கணக்காக பெயிண்ட் டப்பாக்களில் போட்டுச் சேர்த்து வைத்திருந்தாள்.

எதற்குச் சேர்க்கிறோம் என்று முதலில் அவளுக்கே தெரியாது. மகள் பெரியவளான பிறகு தெரிந்துவிட்டது. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து முற்றத்துக் கோடியில் ஒரே கக்கூஸ். அதன் கதவில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டை. டோக்கன் அக்கா துணியைச் சுருட்டி அடைப்பாள். மறுநாள் துணி கீழே கிடக்கும். யார் வேலை என்று தெரியாது. தெரிந்தாலும் நாலு கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லை, புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். சாப்பிடும்போது டம்ளரை நீட்டினால், "தாகமில்லம்மா" என்பாள். கொளுத்துகிற வெயில் காலத்தில், உதடு வெடித்துக் கிடக்க, தாகமில்லையாம். ஊர் ஜனத்துக்கெல்லாம் கக்கூஸைக் கழுவித் திறந்துவிடுகிறோம், பெற்ற பெண்ணுக்கு ஒரு நல்ல கதவு கொடுக்க வக்கில்லையே என்று அவள் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் தையல் கடைக்கு மேலே ஓர் அறை காலி, குளியலறையும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். கீழே தையல் கடை வைத்திருப்பவர்தான் வீட்டுக்காரர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அட்வான்ஸ் வந்தா வீடு உனக்கு. இன்னொரு பார்ட்டி கையில பணத்தோட நிக்கிறான். அப்புறம் ஒண்ணு, நோட்டா கொண்டு வாம்மா. உண்டியலை உடைச்சு என் மெஷின் மேல கொட்டிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் வேலை என்ன என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து டப்பாக்களைக் கவிழ்த்து எண்ணினாள். அட்வான்ஸுக்குச் சரியாக இருந்தது. மேற்கொண்டு ஒரு டீ குடிக்கக்கூட மிச்சமில்லை.

அங்கேதான் புத்தி பிசகியது. பேங்கில் சலவைச் சட்டைக்காரர்கள் இந்தக் காசைத் தொட வேண்டுமே, மூக்கைப் பொத்திக்கொண்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு கவலை. வேறு யாராக இருந்தாலும் சோப்பைப் போட்டுக் கழுவியிருப்பார்கள். இவளுக்கு அழுக்கு என்றால் ஆசிட். கழிப்பறைக்கு ஊற்றுகிற அதே ஆசிட்டை வாளித் தண்ணீரில் கலந்து, மொத்தச் சில்லறையையும் உள்ளே போட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா தெருக்குழாயில் தண்ணீர் வர வேண்டும்? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வரிசையில் யார் முன்னே யார் பின்னே என்று ஒரு சண்டை. அதையும் முடித்துக்கொண்டு வந்து பார்த்தால், மஞ்சள் காசெல்லாம் செங்கல் நிறத்துக்குச் சிவந்து கிடந்தது. வெள்ளைக் காசு மங்கிக் கறுத்திருந்தது. ஒன்றை எடுத்து மகளிடம் காட்டினாள்.

"காசு காசுதானேம்மா? கலர்ல என்ன இருக்கு?" என்றாள் மகள்.

பேங்க்காரர்களும் அப்படி நினைக்க வேண்டுமே.

காலையில் கைக்கு ஒரு பையாகத் தூக்கிக்கொண்டு போய், பேங்க் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் நின்றாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. கவுண்டரில் இருந்தவர் பையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இவ்வளவு சில்லறையா? எண்ணுறதுக்குத் தனியா சார்ஜ் உண்டும்மா."

எவ்வளவு என்று கேட்டாள். சொன்னார். அதைக் கொடுத்தால் அட்வான்ஸில் துண்டு விழும். "சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று இழுத்தாள். அவர் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து ஸீட்காரரிடம் காட்டினார். அவரும் எழுந்து வந்துவிட்டார்.

"இது என்னம்மா கலரு? உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

கக்கூஸ் ஆசிட் என்று சொல்லியிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும். ஆனால் பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "வீட்டுல... கழுவினேன்" என்றாள். அது அவள் காதுக்கே பொய் மாதிரி இருந்தது.

"மேனேஜர் வந்து பார்க்கட்டும். பையை உள்ள வெச்சுட்டு அப்படி உட்காருங்க."

வைத்துவிட்டு உட்காருவதாவது! கள்ளக்காசு என்று பிடித்து வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் யாரைத் தேடிப் போகும்? "அப்புறம் வர்றேன் சார்" என்று பைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள், தெருமுனை வரைக்கும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் சில்லறையை விழுங்கிவிட்டு நோட்டு தருகிற மெஷின் ஒன்று உண்டு. பத்தில் ஒரு பங்கைக் கூலியாகப் பிடித்துக்கொள்ளும். பகல் கொள்ளை என்று சொல்லி இத்தனை நாளும் அந்தப் பக்கமே அவள் போனதில்லை. இன்றைக்குக் கொள்ளை போனால் போகட்டும், குறைகிற பணத்துக்கு வீட்டுக்காரர் காலில் விழலாம் என்று முடிவுகட்டினாள். ஒரு பிடி அள்ளிப் போட்டாள். மெஷின் கடகடவென்று மென்றது. பிறகு அத்தனையையும் கீழ்த்தட்டில் கொட்டிவிட்டது. இன்னொரு பிடி போட்டாள், அதையும் கொட்டியது. சத்தம் கேட்டுக் கடையே திரும்பிப் பார்த்தது. சில்லறை இல்லை என்று வருகிறவர்கள் கையிலெல்லாம் மிட்டாயைத் திணித்துக்கொண்டிருந்த பில் போடும் பெண், "அக்கா, மெஷினை ரிப்பேர் ஆக்கிடாதீங்க" என்றாள். கொள்ளைக்காரனே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த காசு! டோக்கன் அக்கா தட்டில் கிடந்ததை வாரிப் பைக்குள் போட்டாள். குனிந்து பொறுக்கும்போது ஒரு காசு ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டு போயிற்று. அதையும் விடவில்லை. தரையில் படுத்து, கையை விட்டு எடுத்துக்கொண்டாள்.

மறுபடி பேங்குக்குப் போகத் தைரியம் இல்லை. மத்தியான ஷிப்டுக்கு வந்து, பைகளை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கடிகாரம் நேர் எதிரே. அந்த இன்னொரு பார்ட்டி இந்நேரம் தையல்காரரிடம் நோட்டை எண்ணி நீட்டிக்கொண்டிருப்பான் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் 'அப்புறம்' வந்தார். அவர் ஒரு பஸ் கண்டக்டர். யார் மீதி கேட்டாலும் 'அப்புறம்' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரைச் சம்பாதித்தவர். இன்றைக்கும் ஒரு பிரயாணி விடாமல் அவரைத் துரத்திக்கொண்டு கழிப்பறை வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"மீதியைக் குடுத்துட்டு உள்ள போய்யா!"

"இருந்தா குடுக்க மாட்டேனா? நான் என்ன வீட்டுல காசு அடிக்கிறேனா?"

காசு அடிக்கிற பேச்சு காதில் விழுந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, சில்லறை ஏதாவது இருக்கா? காலையிலேருந்து திட்டு வாங்கி வாங்கிக் காது புளிச்சுப் போச்சு."

"இருக்குண்ணே" என்றாள். பேங்கில் வராத வார்த்தை இங்கே கொட்டிவிட்டது. "ரெண்டு பை நிறைய இருக்கு. ஆனா கக்கூஸ் ஆசிட்ல ஊறப் போட்டுட்டேன். எல்லாம் சிவந்து போச்சு. பேங்க்ல என்னைக் கள்ளி மாதிரி பார்க்கிறாங்க. மெஷினும் துப்பிடுச்சு."

அவர் ஒரு காசை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், துரத்தி வந்த பிரயாணிக்கே கோபம் போய்விட்டது.

"கள்ளக்காசை நல்ல காசாக்கப் பார்க்கிறவன் இருக்கான். நல்ல காசைக் கழுவிக் கள்ளக்காசாக்கின ஆளு உலகத்துலயே நீங்கதான்!" என்றவர், சாவியால் காசின் ஓரத்தைச் சுரண்டினார். உள்ளே மஞ்சள் தெரிந்தது. "மேல்தோல்தான்க்கா போயிருக்கு."

அதற்கு மேல் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழாயைத் தேய்க்க வைத்திருந்த கம்பி நாரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். அழுத்தித் தேய்த்தாள். பளபளப்பு இல்லை, ஆனால் காசு என்று ஒத்துக்கொள்ளலாம். இன்னும் நாலைந்து தேய்த்தாள். அவர் கையை நீட்டி, ஈரத்தோடு அப்படியே வாங்கிக்கொண்டார்.

"நூத்துக்கு எவ்வளவு?" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. இவருமா? "நீங்களே சொல்லுங்கண்ணே. அதிகமா மட்டும் பிடிச்சுடாதீங்க. வீட்டு அட்வான்ஸுக்குச் சரியாத்தான் இருக்கு."

"நான் எதுக்குப் பிடிக்கிறேன்? டீக்கடைக்காரன் நூறு நோட்டை வாங்கிட்டு தொண்ணூத்தஞ்சுக்குத்தான் சில்லறை குடுக்கிறான். நீங்க எவ்வளவு எடுத்துப்பீங்கன்னு கேட்டேன்."

அவளுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூலி கொடுத்தாவது தள்ளிவிடலாம் என்று ஊரெல்லாம் தூக்கிச் சுமந்த காசுக்கு, அவள் மேஜைக்கு எதிரிலேயே கூலி கொடுத்து வாங்க ஆள் இருந்திருக்கிறது. அவள் ஆசைப்படவில்லை. ஆசைப்பட நேரமும் இல்லை.

"எனக்கு நூத்துக்கு நூறு வந்தாப் போதும்ணே. ஆறு மணிக்குள்ள வரணும்."

அவர் விசில் ஊதினார். பஸ் கிளப்ப ஊதுகிற அதே விசில். எட்டிப் பார்த்த கண்டக்டர்களிடம் சில்லறை இருக்கிறது என்று சைகை காட்டினார். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் ஒரு கண்டக்டர் நோட்டோடு வந்தார். அவள் தேய்த்தாள், எண்ணினாள், கொடுத்தாள். கழிப்பறைக்கு வந்தவர்கள் தாங்களே காசை மேஜையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று பார்க்காமலே தேய்த்தாள். கடைசி நூறுக்கு 'அப்புறம்' திரும்பி வந்தார். தேய்க்க நேரமில்லை.

"அப்படியே குடுங்க, டிப்போவுல நான் தேய்ச்சுக்கிறேன்."

எண்ணியதில் இரண்டு ரூபாய் குறைந்தது. பையை உதறினாள், ஒன்றும் விழவில்லை. பேங்க்காரர் எடுத்துப் பார்த்த காசு அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

"ரெண்டு குறையுதுண்ணே. மீதி... அப்புறம் தர்றேன்."

"பழிக்குப் பழி வாங்கிட்டீங்களே" என்று நோட்டை நீட்டினார்.

அடுத்த ஷிப்ட் ஆளிடம் மேஜையைக் கொடுத்துவிட்டு ஓடினாள். தையல் கடையில் ஸ்டூல் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான், சட்டைப் பை புடைத்திருந்தது. கையிலிருந்த நோட்டுகளை நீட்டினாள். தையல்காரர் அவனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஈர நோட்டுகளை வாங்கி இரண்டு தடவை எண்ணினார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பினாயில் கடையா வெச்சிருக்கே?" என்று முணுமுணுத்துவிட்டு, சாவியை அவள் கையில் வைத்தார். ஸ்டூல்காரன் எழுந்து போனான்.

அன்றைக்கே பாயும் பாத்திரமும் இடம் மாறின. மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். கதவை மேலிருந்து கீழ் வரை கையால் தடவிப் பார்த்தாள். ஓட்டை ஏதும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. டோக்கன் அக்கா டம்ளரை நீட்டவில்லை. நீட்டி, 'தாகமில்லம்மா' என்று சொல்லிவிட்டால் தாங்காது என்று பயமாக இருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சொம்பு நகர்கிற சத்தம் கேட்டது. மகள் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டுச் சொம்பையே தூக்கிக்கொண்டாள்.

"மெதுவாடி, புரையேறப் போகுது."

மகள் சொம்பை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினாள்.