டிக்கெட் எடுக்காத முப்பத்தாறு பயணிகள்

போன செவ்வாய்க்கிழமை முப்பத்தாறு மணல் மூட்டைகளை ஒரு புது பஸ்ஸில் ஏற்றி, பத்து பெரெண்டாம் என்கிற ரோட்டில் ஊர்வலம் விட்டேன்.

சிரிக்காதீர்கள். என் வேலையே அதுதான்.

வாராவாரம் இந்தப் பத்திரிகை மூலையில் உங்களோடு வாய் ஓயாமல் பேசுகிற நான், நேரில் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லவே தடுமாறுகிற ஆள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. இருபது வருஷமாக பஸ் பட்டறையில் பிரேக் வேலை. பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

போன மாதம் வரை.

பட்டறையில் இருந்த வெள்ளைக்கார ஃபோர்மேன் போன மாதம் கப்பலேறிவிட்டார். அவர் இருந்தவரை நான் பிரேக்கை முறுக்குவேன், வண்டி ஓடலாம் என்று அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். இப்போது? எங்கள் சீன முதலாளி, தவுக்கே, சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை என் முன்னால் தள்ளி, "இனிமே நீதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாடு சுதந்திரம், அதாவது மெர்டேக்கா, அடைந்தால் பேனா என் கைக்கு வந்து சேரும் என்று யாராவது எனக்கு முன்கூட்டிச் சொன்னார்களா?

நான் கையெழுத்துப் போட வேண்டிய முதல் வண்டி இந்தப் புது பஸ். இதன் முதல் சவாரி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் காஜா பெராங் பேட்டை ஆட்கள் முப்பத்தாறு பேர் கோலாலம்பூர் போகிறார்கள். மெர்டேக்காவுக்குக் கட்டிய விளக்குகளையும் தோரணங்களையும் கழற்றுவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். அதில் ஒருத்தி என் மனைவி லெட்சுமி. அவள் பக்கத்து சீட் எனக்கு. கூட்டம் என்றால் எனக்கு ஆகாது... வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மூட்டைக்கு வருகிறேன். புது பிரேக்கை ஆட்களை ஏற்றிப் பார்க்க முடியுமா? நிற்காவிட்டால் என்ன ஆவது? அதனால் ஆளுக்குப் பதில் மூட்டை. ஒரு சீட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். மூட்டை விழுந்து கிழிந்தால் மணலைப் பெருக்குவது நான்தானே? ஒவ்வொன்றையும் சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன்.

டிரைவர் பச்சையப்பன், எங்கள் காஜா பெராங் செட்டி, தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கிற தமிழர் வழி. பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க மலாய். இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டான்.

"அபாங், தாகுத் கா?" பயமா அண்ணே என்று கேட்கிறான். என்னைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் இதே கேள்விதான்.

பிரேக்கை மிதித்தான். பஸ் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே. முப்பத்தாறு பயணிகளில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, அழகாக, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போக வழக்கமான டவுன் பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். காஜா பெராங் நிறுத்தம் வருவதற்கு முன்பே ஒரு அம்மாள் எழுந்தார். பிறகு நாலு பேர். பிறகு பாதி பஸ். எல்லோரும் முன்வாசலை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் குனிந்து ஜன்னல் வழியே யாரையோ கூப்பிட, அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார்.

நான் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தேன்.

என் மூட்டைகள் எழுந்து நிற்கவில்லையே! முன்வாசலுக்கு முண்டவில்லையே! எப்படி முண்டும்? கட்டிப் போட்டவன் நான். நான் விரும்பியபடி நடக்கிற பயணியை நானே செய்து, நானே கட்டி வைத்து, அந்தப் பயணியிடமே பாஸும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் லெட்சுமி புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எனக்கு முன்சீட்டுதான் வேணும். நல்லாப் பார்த்துக்கிட்டே போகலாம்."

"பின்னாலயே உட்காரலாமே..."

"ஏன்? பிரேக்கு சரியில்லையா?" சிரித்தாள். "நீங்க டெஸ்ட் பண்ண பஸ்ஸுன்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அந்தத் தைரியத்துலதான் மேரி அக்காவும் வரேன்னுச்சு."

ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கையெழுத்து ஆகிவிட்டது. இப்போது போய்த் தவறு என்றால்? ஆறாம் வகுப்பு படித்தவனிடம் பேனாவைக் கொடுத்தது நம் தப்பு என்று தவுக்கே நினைக்க மாட்டாரா? சொல்லாமல் விட்டால்? லெட்சுமி முன்சீட்டில்...

புதன் காலை எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். தவுக்கேயிடம் சொல்லப் போவதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால் நாக்குக் குழறாது என்று நினைத்தேன். ஒரு மூட்டையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். அதுதான் தவுக்கே.

"தவுக்கே, நேத்து நான் போட்ட கையெழுத்து சரியில்லே. டெஸ்டை மறுபடி பண்ணணும்."

மூட்டை பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அவர் கோபப்பட்டால் ஒரு பதில், ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்றால் ஒரு பதில், வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றால் ஒரு பதில். எல்லாம் தயார். தடுமாற்றமே இல்லை!

"தவுக்கே என்ன சொன்னார், அபாங்?" பின்னால் பச்சையப்பன் நின்றுகொண்டிருந்தான். அவன் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "சம்பளம் ஏத்திட்டாரா?"

காது மடல் எரிய, நிஜத் தவுக்கேயின் அறைக்குள் போனேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. நான் தயார் செய்த மூன்று பதிலும் வாயிலேயே காத்துக் கிடந்தன. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கடைத்தெரு மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முத்து, உன் பொண்டாட்டிய அதுல ஏத்துவியா?"

இந்தக் கேள்வியை மூட்டை கேட்கவே இல்லை.

தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

"அப்ப நீ இன்னும் டெஸ்டே பண்ணலே லா" என்றார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள முடி. முடியலேன்னா, அந்த முப்பத்தாறு பேருகிட்டயும் நீயே போய் பஸ் இல்லேன்னு சொல்லு."

முப்பத்தாறு பேரிடம்! நானா?

கயிற்றையெல்லாம் அறுத்தேன். பாதி மூட்டைகளை முன்வாசல் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தேன், இறங்கப் போகிற ஜனங்கள் மாதிரி. மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. வண்டியில் பச்சையப்பனும் நானும் மட்டும். அதே இறக்கம். அதே வேகம்.

"தாகுத் கா?" என்றான். மிதித்தான்.

பஸ்ஸின் பின்பக்கம் தனியாகக் கழன்று போவது போல் பக்கவாட்டில் வீசியது. மூட்டைகள் பறந்தன. ஒன்று என் முழங்காலில் மோதிக் கிழிந்தது. கண்ணெல்லாம் மணல். எதுவோ கீச்சென்று நீளமாகக் கத்தியது... டயரா, நானா? இன்றுவரை தெரியாது.

நின்றபோது பின்சக்கரம் ஒன்று சாக்கடை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டைப் பார்த்தேன். லெட்சுமி கேட்ட சீட். அதில் மூன்று மூட்டைகள் விழுந்து, கம்பி வளைந்திருந்தது.

பச்சையப்பன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மெதுவாகச் சொன்னான்: "அபாங்... சாயா தாகுத்."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோளாறு பெரிதொன்றுமில்லை. பின்சக்கரப் பிரேக்கை நான் அளவுக்கு மேல் முறுக்கியிருந்தேன். கனம் பின்னாலும் சமமாக உட்கார்ந்திருக்கும்வரை அது தெரியாது. கனம் முன்னால் நகர்ந்தால் பின்பக்கம் லேசாகி, சக்கரம் சுற்றாமல் இறுகிப்போய் வழுக்குகிறது. இரண்டு நாள் பஸ்ஸுக்கு அடியிலேயே கிடந்தேன். சனிக்கிழமை மூட்டைகளை முன்னால் குவித்தோம், பின்னால் குவித்தோம், ஒரே பக்கமாக அடுக்கினோம், ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். எல்லாவற்றிலும் நேராக நின்றது.

மறுபடி கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை நடுங்காத கை சனிக்கிழமை நடுங்கியது. இப்போது அந்தப் புத்தகத்தைத் திறந்தால், அழகான கையெழுத்து ஒன்று, கோணல் கையெழுத்து ஒன்று. நீங்கள் எதை நம்பி பஸ் ஏறுவீர்கள்?

யோசித்துப் பார்த்தால் நம்மில் நிறையப் பேர் மூட்டையை வைத்துத்தான் காலத்தை ஓட்டுகிறோம். தலையாட்டுகிற சிநேகிதனிடம் மட்டும் யோசனை கேட்பது, நமக்குத் தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில் தயார் செய்வது... மூட்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டை இல்லாமல் நேராக ஜனங்களையே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் மூட்டையைக் கட்டிப் போடாதீர்கள். முரண்டு பிடிக்கிற மூட்டைதான் ஆளுக்குப் பக்கத்தில் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். தவுக்கே சொல்லவில்லை. நானாகவே ஏறினேன். லெட்சுமிக்கு முன்சீட்டு, பக்கத்தில் நான். பச்சையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தாகுத் கா என்று கேட்கவில்லை.

வழியெல்லாம் யார் எழுந்தாலும் நான் திரும்பிப் பார்த்தேன். "உட்காருங்க... கொஞ்சம் உட்காருங்க" என்று, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். யாரும் கேட்கவில்லை. மூட்டையா கேட்பதற்கு?

சிரம்பான் தாண்டி ஒரு வளைந்த இறக்கம். எதிரே மரலாரி. பச்சையப்பன் பிரேக்கை மிதித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் முன்னால் போய், ஒரே பக்கம் சாய்ந்து, கத்தி, சிரித்து, திரும்பி உட்கார்ந்தார்கள். பஸ் நேராக நின்றது.

அதற்குள் தூங்கிப்போயிருந்த லெட்சுமி, தூக்கம் கலையாமலே என் தோளில் வந்து விழுந்தாள். ஓர் ஆள் கனம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.