பலகையில் ஒட்டிய நாலணா

ரெண்டு டியூபைக் கலந்து குழைக்கும் பசையின் வாடை எங்கேயாவது அடித்தால் எனக்குக் குமட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நான் கல்லூரியில் இருந்தேன். பழைய காசு, பிழையான காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. ஆவடி பஸ்ஸில் மீதிச் சில்லறையாக ஒரு நாலணா வந்தது. ஒரு பக்கம் சிங்கம் ஒழுங்காக நின்றது. மறுபக்கம் எண் இருக்கவேண்டிய இடத்தில் அதே சிங்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி, உள்ளே குழிந்திருந்தது! நாணயச் சாலையில் முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த தகட்டில் அதன் முகம்தான் பதியும். அப்படிப் பிறக்கும்போதே வந்த பிழை. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்பத்தூர் மாதாகோவில் ஹாலில் பொழுதுபோக்குக் கண்காட்சி வைத்தார்கள். பொறுப்பாளர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர். காசை அவர் கையில் கொடுத்தேன்.

"பத்திரமா திருப்பித் தரணும் சார்."

"ஒரு கீறல் உழாது தம்பி. என் பொறுப்பு."

மறுநாள் போய்ப் பார்க்கிறேன், காசுகளையெல்லாம் ப்ளைவுட் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார். கம்பெனியில் இரும்பையும் இரும்பையும் ஒட்டுவார்களே, அந்த ரெண்டு டியூப் பசையால்! "எவனும் லவட்ட முடியாதுல்ல?" என்று பெருமை வேறு.

என் காசுக்குப் பக்கத்தில் இன்னொரு நாலணா. அதிலும் குழிந்த சிங்கம், கீழே முதல் பரிசு அட்டை. கொண்டுவந்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது மண்ணூர்பேட்டைப் பட்டறையில் ஃபிட்டர். குனிந்து பார்த்தேன். சிங்கத்துக்கு அடியில் நசுங்கிய 25 இன்னும் தெரிந்தது. ஒரு காசின் எண்மேல் இன்னொரு காசின் சிங்கத்தை வைத்துப் பட்டறை இடுக்கியில், அதான் வைஸில், இறுக்கினால் இப்படித்தான் வரும். நாணயச் சாலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"வைஸ்ல வச்சு நசுக்குனதுதானே இது?"

"இன்னா மாமே, வயித்தெரிச்சலா? மிண்ட்டுக்காரன் மட்டும் கையாலயா அடிக்கிறான்? அவனும் மிசின்லதான் நசுக்குறான்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சார், பின்பக்கம் பாருங்க. இவனுது வைஸ் தாடைல அழுந்தி மழுங்கியிருக்கும். என்னுதுல சிங்கம் பளிச்சுன்னு நிக்கும்."

"பின்பக்கத்தை யாருப்பா பாக்கப்போறா? அதான் ஒட்டிட்டோமே."

ஃபிட்டராவது உழைத்து ஏமாற்றினான். இந்த மனிதருக்குத் தெரிந்துகொள்ளவே விருப்பமில்லை.

"அப்போ என் காசைக் குடுத்துருங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். அது வழுக்கி, குழிந்த சிங்கத்தின் குறுக்கே நீளமாக இழுத்தது. மறுபடி நெம்பினார். காசு டக்கென்று பெயர்ந்து வந்தது. விளிம்பு வளைந்திருந்தது. பின்பக்கச் சிங்கத்தின் மேல் காய்ந்த சளி மாதிரி மஞ்சளாகப் பசை, அதில் ப்ளைவுட் சிராய்.

ஃபிட்டர் எட்டிப் பார்த்தான். "இப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சி மாமே! உன்னுதும் டேமேஜு, என்னுதும் டேமேஜு."

தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். பரிசு அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் என் கையிலிருந்த காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பேசாம திருப்பிப் போட்டு ஒட்டிரட்டா தம்பி? கீறல் அடில பூடும், ஒழுங்கான சிங்கம் மேல வரும்."

கேட்டுக்கொண்டே ரெண்டு டியூபையும் திறந்துவிட்டார்.